ஈரத்துணிக்குப் பதினைந்து நிமிடம்

— திரும்பச் சொல்லு, யாக்கொவ்.

— காஞ்ச தெர்மாமீட்டர் ஒண்ணு புள்ளி ரெண்டு. துணி சுத்தினது ஒண்ணு புள்ளி ஒண்ணு. அவ்வளவுதான் நெவென்கா. மழைன்னு எழுதி அனுப்பிடு. மணி பன்னெண்டு நாப்பத்தெட்டு ஆச்சு, உனக்கும் பசிக்கும்.

— என் பசியை நான் பாத்துக்கறேன். ரெண்டுக்கும் நடுவுல ஒரே ஒரு புள்ளிதானா?

— காத்துல அவ்வளவு ஈரம். மேகம் கணவாய் மேலயே படுத்துக் கிடக்கு. பாரு, ஜன்னல் வழியா கையை நீட்டினா அதோட வயித்தைத் தொட்டுடலாம்.

— கீழ டோல்யானியில காத்து காஞ்சு கிடக்கு. அங்க ரெண்டு தெர்மாமீட்டருக்கும் ஒன்றரை டிகிரி வித்தியாசம். உனக்கும் டோல்யானிக்கும் ஏழே கிலோமீட்டர். ஓநாய்க் கணவாய்க்கு மட்டும் தனியா காத்து செஞ்சு அனுப்பறாங்களா?

— மலைன்னா அப்படித்தான். மலைக்கு மலை குணம் வேற.

— பத்து நிமிஷம் முன்னாடி என்ன சொன்னே? பைனாகுலரோட உக்காந்திருக்கேன், பஸ் டோல்யானி மாதா கோயில் கோபுரத்தைத் தாண்டினா இங்கிருந்தே தெரிஞ்சிடும்னு சொன்னே. மேகத்தைத் துளைச்சுப் பாக்கற பைனாகுலரா அது?

— நீ போலீஸ்ல சேந்திருக்கணும்.

— பேச்சை மாத்தாதே. பன்னெண்டு நாப்பத்தி நாலுக்கு போன்ல கெட்டில் விசில் அடிச்சது எனக்குக் கேட்டுச்சு. துணியில காலையில பிடிச்ச ஐஸை வெந்நீர் ஊத்திக் கரைச்சிருக்கே, சரியா? கரைச்சா எவ்வளவு நேரம் காத்திருக்கணும்?

— எனக்கே பாடம் எடுக்கறியா?

— கேக்கறேன். எவ்வளவு?

— பதினஞ்சு நிமிஷம்.

— நீ எவ்வளவு காத்திருந்தே?

— என்னத்தச் சொல்ல.

— நம்பரைச் சொல்லு.

— நாலு.

— நாலு நிமிஷத்துல நீ படிச்சது கணவாயோட குளிர் இல்ல, யாக்கொவ். உன் கெட்டிலோட சூடு. போ. தெர்மாமீட்டர் இருக்கற வெள்ளைப் பெட்டியைத் திற, துணியை மறுபடி நனை. போனைக் கட் பண்ணாதே, கையிலயே வச்சுக்கோ.

— நெவென்கா. அந்த பஸ்ல யாரு வர்றான்னு உனக்குத் தெரியும்.

— தெரியும். ஒரு மாசமா நீ வேற எதைப் பேசினே? லூசியா வர்றா. உன் பொண்ணு. ஒண்ணு இருபதுக்கு டோல்யானிக்கு வருவா, ரெண்டு மணிக்கு உன் வாசல்ல இறங்குவா. நாளைக்குக் காலையில அந்தப்பக்கமா இறங்கி, ஸாக்ரெப்ல மத்தியானப் பிளேன். அயர்லாந்து. ஆஸ்பத்திரி வேலை, ரெண்டு வருஷ ஒப்பந்தம். எதையாவது விட்டுட்டேனா?

— அவளா கேட்டு வர்றா. அதை விட்டுட்டே.

— ஆமா. அதை விட்டுட்டேன்.

— நான் கூப்பிடல. கூப்பிட எனக்கு வாய் வராது. அவளே போன் பண்ணி, "அப்பா, போறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி மேல வந்து தங்கறேன்"ன்னு சொன்னா. பதினோரு வருஷத்துல இந்த வீட்டுக்குள்ள அவ கால் வைக்கப் போறது இதுதான் முதல் தடவை. நீ பனின்னு எழுதினா ரோட்டுக்காரன் தடுப்பைப் போட்டுடுவான். அவ்வளவுதான்.

— பெட்டிகிட்டப் போயிட்டியா?

— போயிக்கிட்டுத்தான் இருக்கேன். வழுக்குது.

— என்ன விழுது?

— தூறல். நடுவுல ஒண்ணு ரெண்டு பஞ்சு மாதிரி. கையில விழுந்ததும் தண்ணியாயிடுது. எனக்கென்னவோ மழைதான்னு படுது.

— உனக்கு என்ன படுதுன்னு நான் கேக்கல. இங்க எனக்கு முன்னாடி ரெண்டு கம்ப்யூட்டர் படம் இருக்கு. ஒண்ணு மழைங்குது, ஒண்ணு இருபது சென்டிமீட்டர் பனிங்குது. ஒரே மேகம், ஒரே காத்து. உன் மெஷின் காலையிலேர்ந்து ஐஸ் பிடிச்சு உளறிக்கிட்டு இருக்கு. மிச்சம் இருக்கறது நீயும் உன் துணியும்தான்.

— நனைச்சாச்சு. மணி பன்னெண்டு அம்பத்திரெண்டு.

— அப்ப ஒண்ணு ஏழுக்குப் படிக்கணும். என் வானிலை அறிக்கை ஒண்ணே காலுக்குப் போகணும். நேரம் இருக்கு. உள்ள வந்து உக்காரு. கெட்டிலைத் தொடாதே.

— கிண்டல் பண்றே.

— கிண்டல் பண்ணலேன்னா நான் கத்துவேன். எது வேணும்?

— கிண்டலே பண்ணு.

— என்ன சமைச்சிருக்கே?

— அதைக் கேக்காதே. நேத்தே ஆட்டுக்கறியைப் புளிச்ச முட்டைக்கோஸோட அடுப்புல ஏத்திட்டேன். ஆறு மணி நேரம் வெந்துது. சாயங்காலம் ஒரு மெசேஜ் வருது. "அப்பா, நான் இப்பல்லாம் கறி சாப்பிடறதில்ல."

— அட.

— காலையில எழுந்து பீன்ஸ் ஊற வச்சேன். அது இன்னும் கல்லு மாதிரி கிடக்கு. உருளைக்கிழங்கு இருக்கு. கறி சாப்பிடாதவளுக்கு எங்கம்மா என்ன செஞ்சு போட்டிருப்பான்னு யோசிச்சுப் பாத்தேன். எங்கம்மா டாக்டரைக் கூப்பிட்டிருப்பா.

— சீஸ் இருக்குல்ல. ரொட்டி இருக்குல்ல. போதும். அந்த வயசுல சாப்பாட்டுக்காகவா வருவாங்க.

— வீட்டுச் செருப்பு ஒரு ஜோடி வாங்கினேன்.

— எதுக்கு?

— வர்றவங்களுக்கு வாசல்லயே செருப்புக் குடுக்க வேண்டாமா? இங்க தரை எவ்வளவு சில்லுனு இருக்கும். எங்கிட்ட இருக்கறதெல்லாம் என் அளவு. போன வாரம் கீழ போனப்போ கடையில நின்னேன். கம்பளிச் செருப்பு, சிவப்பு. கடைக்காரி என்ன அளவுன்னு கேக்கறா. எனக்குத் தெரியல நெவென்கா. பெத்த பொண்ணோட கால் அளவு எனக்குத் தெரியல.

— எத்தனை வாங்கினே?

— முப்பத்தேழு. சும்மா கண்ணை மூடிக்கிட்டுச் சொன்னேன். அவ கிளம்பறப்போ முப்பத்தி மூணு போட்டிருந்தா. ஒன்பது வயசு. அதுக்கப்புறம் மூணு தடவை பாத்திருப்பேன், மூணும் பஸ் ஸ்டாண்டு ஹோட்டல்ல, அவ அம்மா பக்கத்துல உக்காந்திருக்க. மேசைக்கு அடியில குனிஞ்சு காலைப் பாக்க முடியுமா?

— எப்ப கிளம்பினாங்க?

— அது ஆச்சு. பதினோரு வருஷம்.

— பதினோரு வருஷம்தான், அது தெரியும். எந்த மாசம், எந்த நாள்?

— ஞாபகமில்ல.

— உனக்கா? தொண்ணூத்தாறுல ஈஸ்டர் அன்னிக்கு எவ்வளவு மழைன்னு கேட்டா மில்லிமீட்டர்ல சொல்றவன் நீ. பொண்ணு போன நாள் ஞாபகமில்லையா?

— சிலதை நோட்டுல எழுதி வச்சாலும் திருப்பிப் பாக்கறதில்ல. இரு, உங்கிட்ட வேற போன் அடிக்குது பாரு. எனக்கே கேக்குது.

— டூயே. ஸ்பீக்கர்ல போடறேன், மூணு பேரும் பேசலாம். சொல்லு டூயே.

— வணக்கமுங்க மேடம். டோல்யானி தடுப்புல இருந்து பேசறனுங்க. என்னங்க சங்கதி, உப்பா, பிளேடா?

— இன்னும் சொல்ல முடியல.

— ஏனுங்க, இப்படிச் சொன்னா நான் என்ன பண்றதுங்க? மழை பெஞ்சு உறையும்னா உப்பு வண்டியை எடுக்கோணும். பனி விழும்னா அதைத் தள்ற பிளேடு மாட்டோணும். ஒரு வண்டி வேற மேற்குச் சரிவுல கிடக்குது, அது வர இருட்டிடும். இருக்கறது ஒண்ணே ஒண்ணுங்க. ரெண்டையும் மாட்டிக்கிட்டு நிக்கறதுக்கு அது என்ன கல்யாண மாப்பிள்ளையா?

— ஒண்ணே காலுக்குச் சொல்றேன்.

— பஸ்ஸு ஒண்ணு இருபதுக்கு இங்க வந்து நிக்குமுங்க. அந்த டிரைவர் பெரிய அவசரக்காரன். தடுப்பு தூக்கியிருந்தா ஹாரன் அடிச்சுக்கிட்டே போயிடுவானுங்க.

— தெரியும் டூயே.

— அட, மேல யாக்கொவ் அண்ணன் லைன்ல இருக்காருங்களா? அண்ணே, புள்ளை வருதாமே. ஊரே பேசிக்குது. தாடியைச் சிரைச்சிட்டீங்கன்னு தபால்காரன் சொன்னான், நெசமாங்களா?

— சிரைச்சேன். குளிருது.

— மூஞ்சியைப் பாத்து புள்ளை பயந்துக்கப் போகுதுங்க. மேடம், ஒண்ணு மட்டும் வெளக்கமாச் சொல்லுங்க. காஞ்சதுல ஒண்ணுக்கு மேல காட்டுதுல்ல. ஒரு டிகிரியில பனி எப்படிங்க விழும்?

— மழை விழ விழ காத்து குளிரும் டூயே. காஞ்ச காத்துன்னா இன்னும் வேகமா குளிரும். எது வரைக்கும் குளிரும்னு அந்த ஈரத்துணி முன்கூட்டியே சொல்லிடும். துணி ஒரு டிகிரி காட்டினா கடைசி வரைக்கும் மழை. பூஜ்யத்துக்குக் கீழ காட்டினா இன்னும் அரை மணி நேரத்துல அந்த ரோடு வெள்ளையாயிடும். அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கோம்.

— அப்பச் சரிங்க. ஒரு முழத் துணிக்கு ஒரு மலையே காத்திருக்குது. நான் லைன்லயே இருக்கனுங்க, அந்தப்பக்கம் டயர் சங்கிலியைப் பாத்துட்டு வந்தர்றேன்.

— யாக்கொவ்?

— சொல்லு.

— எத்தனை ஆச்சு?

— ஒண்ணுக்கு ரெண்டு நிமிஷம் இருக்கு. இன்னும் ஒன்பது நிமிஷம். நெவென்கா, ஒண்ணு கேக்கவா? துணி பூஜ்யத்தை ஒட்டி வந்துதுன்னு வை. அரை டிகிரி இப்படி அப்படின்னு. கலப்புன்னு எழுதேன். மழையும் பனியும் கலந்துன்னு. பொய் இல்லையே. இப்பவே ரெண்டும்தானே விழுது.

— கலப்புன்னு எழுதினா டிரைவர் தனக்குப் பிடிச்ச பாதியைத்தான் படிப்பான்.

— கவனமா ஓட்டுவான்.

— இருபத்தாறு வருஷமா இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். கலப்புங்கறது வானிலை இல்ல, யாக்கொவ். பயந்தவங்க எழுதற வார்த்தை. மழை பெஞ்சா மழைன்னு சொன்னேனே, பனி பெஞ்சா பனின்னும் சொன்னேனேன்னு ரெண்டு பக்கமும் கதவைத் திறந்து வச்சுக்கறது. நான் அப்படி எழுதறதில்ல. ஏன்னு உனக்குத் தெரியும்.

— தெரியும்.

— அன்னிக்கு நான் கலப்புன்னு கூட எழுதல. மழைன்னு எழுதினேன். ஒரே வார்த்தை.

— வேண்டாம் நெவென்கா. இப்ப எதுக்கு அது.

— அடுத்த வாரம் ஒன்பதாம் தேதி. இன்னிக்கு நினைக்காம எப்ப நினைக்கறது? என் புருஷன் ஃப்ரானே ரொட்டி வண்டியை ஸ்டார்ட் பண்ணி வச்சுட்டு எனக்கு போன் பண்ணினான். "ஏய் வானத்துக்காரி, மேல மழையா பனியா?" எப்பவும் அப்படித்தான் கேப்பான். மழைதான், போயிட்டு வான்னு சொன்னேன். "அப்ப சங்கிலியை வீட்லயே வச்சுடறேன், அந்த இடத்துல இன்னும் நாலு தட்டு ரொட்டி ஏத்தலாம்"ன்னான். டயர்ல மாட்டற சங்கிலி. இன்னும் கொட்டகையில அதே ஆணியில தொங்குது. துருப்பிடிக்கக் கூடாதுன்னு வருஷத்துக்கு ஒரு தடவை எண்ணெய் போட்டுத் துடைக்கறேன். யாருக்குன்னு கேக்காதே.

— கேக்கல.

— மூணாவது வளைவுல வண்டி கவுந்து, ரொட்டியெல்லாம் பனி மேல கொட்டிக் கிடந்துதுன்னு டூயேதான் வந்து சொன்னான். இன்னும் சூடு ஆறலைன்னு சொன்னான். ரொட்டியைத்தான் சொன்னான்.

— நெவென்கா.

— பேச விடு. இன்னும் நேரம் இருக்குல்ல. அன்னிக்கு நீ குடுத்த நம்பர் ஒண்ணு புள்ளி பூஜ்யம். துணி சுத்தின தெர்மாமீட்டர், மத்தியான ரீடிங். அந்தப் பக்கத்தை நான் எத்தனை தடவை எடுத்துப் பாத்திருப்பேன் தெரியுமா? எழுத்து எழுத்தாத் தெரியும். நம்பர் சுத்தமா இருக்கு. அதுல ஒரு குறையும் இல்ல. நான்தான் எதையோ பாக்காம விட்டிருக்கேன். மேல இருந்து குளிர் இறங்கறதைப் பாக்கலையோ, வடக்குக் காத்து திரும்பினதைப் பாக்கலையோ. பதினோரு வருஷமாத் தேடறேன், எதை விட்டேன்னு இன்னும் கிடைக்கல. கிடைச்சா தூங்கிடுவேன்னு நினைக்கறேன்.

— உன் தப்பா இருக்காது.

— அப்ப யார் தப்பு? மேகத்தோட தப்பா? நீ நல்லவன். வருஷா வருஷம் ஒன்பதாம் தேதி காலையில என் வாசல்ல ஒரு ஜாடி தேன் இருக்கும். ஆபீஸ்ல வேற யாருக்கும் அந்தத் தேதி ஞாபகம் இருக்கறதில்ல. நீ ஒருத்தன்தான்.

— தேன்தானே. பெரிய விஷயமில்ல.

— எனக்குப் பெரிய விஷயம். இன்னும் ஃப்ரானே குரல் கேக்கும், தெரியுமா? சாயங்காலம் தெருவுல ஏதாவது வண்டி கியர் மாத்தினா எழுந்து போய் ரெண்டு தட்டு எடுத்து வைக்கறேன். அப்புறம் ஒண்ணைத் திருப்பி அலமாரியில வைக்கறேன். பைத்தியம்னு நினைச்சுக்காதே.

— நான் நேத்து ராத்திரி ஒரு ஜோடி சிவப்புச் செருப்பை வாசல்ல வச்சுப் பாத்தேன். அப்புறம் கொஞ்சம் தள்ளி வச்சுப் பாத்தேன். எந்தப் பக்கம் திரும்பியிருந்தா நல்லாருக்கும்னு. யாரு பைத்தியம்?

— உள்ளே வர்ற பக்கம்தான்.

— அப்படித்தான் வச்சேன்.

— அவ கிளம்பினப்போ வாசல்ல நின்னியா?

— நின்னேன். கார் திரும்பற வளைவு வரைக்கும் தெரியும். பின் கண்ணாடியில சிவப்பு மப்ளர் தெரிஞ்சுது. கையை ஆட்டினேன். அவ பாத்தாளான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. இன்னிக்கு அதைக் கேக்கணும்னு இருந்தேன். சாப்பிட்டு முடிச்சப்புறம், அடுப்புகிட்ட உக்காந்து, சும்மா பேச்சுவாக்குல கேக்கற மாதிரி.

— மணி பாரு.

— ஒண்ணு அஞ்சு.

— கிளம்பு.

— நெவென்கா, ஒரு வார்த்தை. நான் போய்ப் படிச்சு என்ன நம்பர் சொன்னாலும் நீ எழுதிடுவே, இல்லையா?

— எழுதிடுவேன்.

— அங்கிருந்து உனக்குத் தெரியாது.

— தெரியாது. கெட்டில் இந்தத் தடவை விசில் அடிக்கல. நீ ஒண்ணுன்னு சொன்னா நான் மழைன்னு எழுதுவேன். டூயே தடுப்பைத் தூக்கிடுவான். பஸ்ல பதினாலு பேராம். அதுல ஒருத்தி லூசியா. இப்பப் போய்ப் படி.

— பெட்டி திறந்துட்டேன்.

— காஞ்சதை முதல்ல சொல்லு.

— பூஜ்யம் புள்ளி ஒன்பது. இறங்கியிருக்கு.

— துணி?

— காஞ்சதை நோட்டுல எழுதிக்கறேன்.

— யாக்கொவ். துணி?

— மூச்சுப் படக்கூடாதுன்னு தள்ளி நிக்கறேன். இரு. கண்ணாடி மேல பஞ்சு விழுது. துடைச்சுட்டுப் பாக்கறேன்.

— பாரு.

— நீ எங்கிட்ட ஒரு தடவையாவது பொய் சொல்லியிருக்கியா, நெவென்கா? ஒரு சின்னப் பொய்?

— உன் தேன் ரொம்ப இனிப்பு. அதை நான் சொன்னதில்ல.

— அவ்வளவுதானா.

— அவ்வளவுதான். துணி எவ்வளவு?

— மைனஸ். பூஜ்யம் புள்ளி நாலு.

— மைனஸ் பூஜ்யம் புள்ளி நாலு.

— ஆமா. எழுதிக்கோ. மைனஸ். தெளிவா எழுது.

— எழுதிட்டேன். டூயே, லைன்ல இருக்கியா?

— இருக்கனுங்க.

— பனி. ஒன்றரையில இருந்து ராத்திரி வரைக்கும். பதினஞ்சுலேர்ந்து இருபது சென்டிமீட்டர், ஈரப்பனி, கனமா இருக்கும். பிளேடு மாட்டு. தடுப்பைப் போடு. பஸ்ஸைத் திருப்பு.

— சரிங்க. போட்டாச்சுங்க. அண்ணே, மன்னிச்சுக்கோங்க.

— உன் வேலையை நீ பாரு டூயே. என்னை எதுக்குக் கேக்கறே.

— யாக்கொவ், ஒண்ணு யோசிச்சுப் பாரு. நீ கீழ இறங்கிப் போனா என்ன? ஏழு கிலோமீட்டர்தான்.

— நாலு மணிக்கு அடுத்த ரீடிங். பிளேடு வண்டி என் நம்பரை நம்பித்தான் மேல ஏறும். அதோட நான் போய்ச் சேர்றதுக்குள்ள பஸ் திரும்பிப் போயிடும். டிரைவர் அங்க மாட்டிக்க விரும்ப மாட்டான். இதெல்லாம் நான் ஏற்கெனவே கணக்குப் போட்டாச்சு. நேத்தே போட்டாச்சு.

— டூயே, பிளேடு வண்டியில அவளை ஏத்திக்கிட்டு...

— மாட்டித் தயார் பண்ணவே ரெண்டு மணி நேரமாகுமுங்க மேடம். மேல ஏற இருட்டிடும். அப்புறம் காலையில ரெண்டு பக்கமும் ரோடு அடைஞ்சு கிடந்தா புள்ளை பிளேனை விட்டுடும். இருங்க, பஸ்ஸு வந்துடுச்சுங்க. திட்டறான் பாருங்க அவசரக்காரன். எல்லாம் கண்ணாடியை இறக்கித் திட்டறாங்க. ஒரு புள்ளை மட்டும் இறங்குதுங்க.

— பச்சைக் கோட்டா?

— ஆமாங்க அண்ணே. பச்சை. தோள்ல பை. தடுப்புகிட்ட வருது. நடந்து போகலாமான்னு கேக்குது.

— கூடாதுன்னு சொல்லு.

— சொல்லிட்டனுங்க. ஏழு கிலோமீட்டருக்கு இந்த பூட்ஸு தாங்காதும்மான்னு சொன்னேன். தடுப்புக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு மேல பாத்துட்டே நிக்குதுங்க. மேகம் மறைச்சிருக்குது, ஒண்ணும் தெரியாது. அண்ணே, போனைக் குடுக்கட்டுங்களா? பேசறீங்களா?

— வேண்டாம். குரல் வாராவாரம் கிடைக்குது. நான் இப்பப் பேசினா சரியா வராது. டூயே, அங்க பனி ஒட்டுதா?

— ஒட்டுதுங்க. அஞ்சு நிமிஷத்துல ரோடு வெளுத்துப் போச்சு. மேடம் வாய்க்குச் சக்கரைதான் போடோணும்.

— அவ நின்ன இடத்துல கால் தடம் விழுந்திருக்கா?

— விழுந்திருக்குதுங்க. எதுக்குங்க?

— என்ன அளவு இருக்கும்?

— அண்ணே?

— அவ காலோட அளவுடா. உன் பூட்ஸை பக்கத்துல வச்சுப் பாத்துச் சொல்லு.

— இருங்க. என்னது நாப்பத்தி நாலுங்க. இது என்னுதுக்கு ரெண்டு விரக்கடை கம்மி. நாப்பது இருக்குமுங்க. நாப்பது.

— நாப்பதா.

— நல்லா வளந்த புள்ளைங்க. உசரம் உங்களாட்டவே. பஸ்ஸுல ஏறிடுச்சுங்க. டிரைவர் திருப்பறான். பின் கண்ணாடிகிட்டப் போய் உக்காந்திருக்குது. கையை ஆட்டுதுங்க.

— உனக்கா?

— எனக்கில்லீங்க. மேகத்தைப் பாத்து ஆட்டுது. நானும் இந்தப்பக்கமிருந்து ஆட்டினேன், உங்களுக்குப் பதிலா. சரி அண்ணே, நான் பிளேடைப் பாக்கோணும். வெச்சர்றனுங்க.

— யாக்கொவ்? இருக்கியா?

— இருக்கேன்.

— வெளிய எப்படி இருக்கு?

— முழுசாப் பனி. தூறல் நின்னுடுச்சு. நீ சொன்னபடியே. சரியா ஒன்றரை.

— நான் சொன்னபடி இல்ல. நீ சொன்னபடி. யாக்கொவ், நீ அந்த மைனஸை முழுங்கியிருக்கலாம். ஒண்ணுன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. பஸ்ல மிச்சம் பதிமூணு பேருக்கும் அது தெரியப்போறதில்ல. எனக்குத் தெரியும்.

— என்னைப் பெரிய ஆளாக்காதே. முதல்ல பொய்தானே சொன்னேன்.

— கெட்டில் விசில் அடிக்கலேன்னா அதையும் நம்பியிருப்பேன். இத்தனை வருஷத்துல உன் நம்பரை இன்னிக்குத்தான் முதல் தடவையா திருப்பிக் கேட்டேன். அன்னிக்குக் கூட உன்னைக் கேக்கணும்னு தோணல. என்னைத்தான் கேட்டுக்கிட்டேன்.

— அதைத்தான் என்னால தாங்க முடியல.

— எதை?

— நீ உன்னைக் கேட்டுக்கறதை. லூசியா கிளம்பின நாள் ஞாபகமில்லைன்னு சொன்னேன்ல.

— சொன்னே.

— இருக்கு. பிப்ரவரி ஒன்பது. மத்தியானம். அவ அம்மா பெட்டியையெல்லாம் கார்ல ஏத்திட்டா. நான் வெள்ளைப் பெட்டிகிட்ட நிக்கறேன், துணியை அப்பத்தான் வெந்நீர்ல நனைச்சிருக்கேன். கார் ஸ்டார்ட் ஆகற சத்தம் கேக்குது. வளைவு தாண்டறதுக்குள்ள வாசலுக்கு ஓடணும், கையை ஆட்டணும்.

— ஃப்ரானே எனக்கு போன் பண்ணின மத்தியானம்.

— அதே மத்தியானம்.

— அந்த ஒண்ணு புள்ளி பூஜ்யம். அதுக்கு எத்தனை நிமிஷம் காத்திருந்தே, யாக்கொவ்?

— நாலு.